ஒரே வீடு, ஒரே தேக்கு, மூன்று அறைகள்: பலகைத் தரைக்கு முறை தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

தென்சென்னையில் 1990களில் கட்டிய வீடு அது. தரைத்தளத்தில் பெரிய கூடம், மாடியில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டி மொட்டைமாடியின் ஒரு பகுதியில் பிற்பாடு எழுப்பிய வாசிப்பறை. மூன்றுக்கும் தேக்குப் பலகைத் தரை வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். மரம் கையில் இருந்தது. காரைக்குடிப் பக்கம் பாகம் பிரித்து இடித்த குடும்ப வீட்டின் பர்மாத் தேக்கு உத்திரங்களும் கைமரங்களும் அவர்கள் பங்காக லாரியில் வந்து இறங்கியிருந்தன. "தாத்தா காலத்து மரம் சார், விக்க மனசு வரல" என்றார் வீட்டம்மா. அந்த மரத்தை அறுத்துப் பலகையாக்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் பதிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பதில் வந்தது.

வீட்டுக்கு வழக்கமாக வரும் ஆசாரி, ரீப்பர் என்னும் மரச் சட்டங்களைத் தளத்தின்மேல் அடித்து, அவற்றின்மேல் பலகையை ஆணியடிப்பதுதான் முறை என்றார். "பசை போட்டா மரம் மூச்சு விடாது சார்" என்பது அவர் கட்சி. தரை விற்கும் கடைக்காரர், ஃபோம் ஷீட்டை விரித்து, பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, தரையில் ஒட்டாமல் மிதக்க விடலாம் என்றார். வேலை சீக்கிரம் முடியும். பசை விற்பவர் மூன்று அறையையும் ஒட்டிவிடலாம் என்றார். மூவரும் அனுபவசாலிகள். மூவரும் மரத்தைப் பார்த்தே பேசினார்கள். முறையைத் தீர்மானிப்பவை மரத்துக்கு அடியில் இருக்கும் தளமும் அறைக்குள் இருக்கும் காற்றும் என்பது என் நிலைப்பாடு. இந்த வீட்டில் அந்த இரண்டும் அறைக்கு அறை மாறின. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மரம் எவ்வளவு அசையும்

கெட்டி மரம் வாழ்நாள் முழுவதும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 50% அளவில் நீடித்தால் மரத்தின் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 65% என்றால் மரம் 11.5 அளவில் நிற்கும். 80% என்றால் 15.5ஐ ஒட்டிப் போகும். சென்னையில் நவம்பர் மழைக்காலக் காற்று 80% பக்கம் நிற்கிறது. மே, ஜூன் மாதங்களில் கடற்காற்று வரும்வரை மேற்கிலிருந்து வீசும் காற்று நன்றாகவே காய்ந்திருக்கும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறை ஆண்டு முழுவதும் 50-55 சதவீதத்தில் இருக்கும். ஆக, ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டு தட்பவெப்பம்.

இந்த ஏற்ற இறக்கம் பலகையின் அகலத்தில்தான் தெரியும். நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. தேக்கை வளர்ச்சி வளையங்கள் பலகை முகத்தோடு படுத்திருக்கும்படி அறுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது அகலம் 0.186% மாறும். வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்தால் 0.101% தான். 12 அடி அகல அறையில் மரத்தின் ஈரம் 3% மாறினால் முதல் வகையில் மொத்தம் 20 மில்லிமீட்டர் அசைவு, இரண்டாவது வகையில் 11 மில்லிமீட்டர். அமெரிக்க வெள்ளை ஓக் மரமாக இருந்தால் முதல் வகையில் 40 மில்லிமீட்டர் வந்திருக்கும். தேக்கின் மதிப்பு அதன் நிறத்திலும் எண்ணெயிலும் மட்டும் இல்லை, இந்த அடக்கத்திலும் இருக்கிறது.

அறுவை மில்லில் இதைச் சொல்லித்தான் அறுக்க வைத்தோம். பெரிய உத்திரங்களில் நிமிர்ந்த வளையம் கிடைக்கும்படி திருப்பித் திருப்பி அறுக்கலாம். அப்படிச் செய்தால் கழிவு கூடும், வீட்டார் சம்மதித்தார்கள். கைமரங்களில் அதற்கு இடமில்லை. அறுப்பதற்கு முன் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்குவது தனி வேலை. உள்ளே புதைந்த ஒரு ஆணி மில்காரரின் பிளேடைத் தின்றுவிடும் என்பதால், கையடக்க மெட்டல் டிடெக்டர் வைத்து ஒவ்வொரு கட்டையையும் பார்த்தார்கள். வைரம் பாய்ந்த பகுதி, அதாவது மரத்தின் கருத்த உட்பகுதி மட்டும் தரைக்கு. வெள்ளை ஓடிய ஓரங்களைக் கழித்துவிட்டோம். தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்குத்தான் பொருந்தும்.

பலகை 90 மி.மீ. அகலம், 19 மி.மீ. கனம், ஒரு பக்கத்தில் நீட்டி நிற்கும் நாக்கு, மறுபக்கத்தில் அது பொருந்தும் காடி. அகலத்தை அதற்குமேல் கேட்டார்கள். அகலம் கூடினால் ஒவ்வொரு இணைப்பிலும் விழும் சந்தும் கூடும் என்பதால் அதோடு நிறுத்தினோம்.

அடியில் என்ன இருக்கிறது

கூடத்தின் கீழே பேஸ்மட்டத்தில் நிரப்பிய மணல், அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட், சாந்து, மொசைக். நிலத்து ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீட் எதுவும் இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. உப்பும் பூத்திருந்தது.

முதலில் எளிய சோதனை. 18 அங்குலச் சதுர பாலித்தீன் ஷீட்டின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு எடுத்துப் பார்ப்பது. கூடத்தில் ஷீட்டின் அடியில் நீர்த்துளி கட்டியிருந்தது, மொசைக் கறுத்திருந்தது. மாடியில் காய்ந்தே இருந்தது. ஆனால் இந்தச் சோதனையில் துளி வந்தால் ஈரம் என்று நம்பலாம். வராவிட்டால் காய்ந்துவிட்டது என்று நம்ப முடியாது. தளத்தின் வெப்பத்தைப் பொறுத்து ஏமாற்றும். ஆகவே தளத்தில் துளையிட்டு, உள்ளே ஈரப்பத மானியை வைத்து, வாயை அடைத்து, ஒரு நாள் கழித்துப் படிக்கும் சோதனையையும் செய்தோம். ஏ.எஸ்.டி.எம். எஃப் 2170 என்ற அமெரிக்கத் தரநிலை சொல்வது இதைத்தான்: ஒரு பக்கம் மட்டும் காயும் தளம் என்றால் கனத்தில் 40% ஆழத்தில், இரு பக்கமும் காயும் தளம் என்றால் 20% ஆழத்தில் அளக்க வேண்டும். மண்ணின்மேல் கிடக்கும் கூடத்துக்கு முதல் கணக்கு. அடியில் காற்று படும் மாடித் தளத்துக்கு இரண்டாவது. கூடத்தில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வந்தது. படுக்கையறையில் 70ஐ ஒட்டி நின்றது. நாங்கள் வாங்கிய பசையின் குறிப்புத் தாளில் எல்லை 75 என்று இருந்தது.

கூடத்துக்கு இந்த எண்ணே போதும். ஈரத்தைத் தடுக்கும் எபாக்சிப் பூச்சை அடித்துவிட்டு ஒட்டலாம் என்று பசை விற்பவர் சொன்னார். அப்படியொரு பூச்சு உண்டு, நல்ல கான்கிரீட்டில் நன்றாகவே வேலை செய்யும். இங்கே அடியில் இருப்பது மணல்மேல் படுத்த பழைய தளம். எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று தெரியாது. சுவரோரம் வழியாக ஏறும் ஓதத்தைத் தரைப்பூச்சு நிறுத்தாது. அதோடு 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கூடத்துக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. மேலிருந்து வரும் அந்தத் தண்ணீருக்கு எபாக்சியில் பதில் இல்லை. ரீப்பர் அடித்தால் இன்னும் மோசம்: மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே இருட்டான, ஈரமான ஒரு பொந்தை நாமே கட்டிக் கரையானுக்குக் கொடுக்கிறோம். ரீப்பர் நாட்டு மரமாக இருந்தால் கரையான் அதைத் தின்று முடித்த பிறகுதான் மேலே தேக்கு ஆடுவது தெரியும்.

கூடத்தில் கெட்டி மரம் வேண்டாம் என்று சொன்னேன். வீட்டம்மாவின் தாயாருக்குத்தான் அது வருத்தம். ஊஞ்சலுக்குக் கீழே மரத் தரை வேண்டும் என்பது அவர் ஆசை. கடைசியில் கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். சிமென்ட் கல் என்பதால் ஓதம் ஏறினாலும் உப்பிக் கிளம்பாது, வெள்ளம் வந்தாலும் கழுவி விடலாம். ஒரே கனமான உத்திரத்திலிருந்து ஊஞ்சல் பலகையும் மாடிப் படிகளின் மேற்பலகைகளும் அறுத்துக் கொடுத்தோம்.

மிதக்கும் தரை ஏன் வேண்டாம்

மாடியின் இரண்டு அறைக்கும் கடைக்காரர் சொன்ன முறையை முதலில் கழித்தோம். மிதக்கும் தரையில் பலகைகள் எல்லாம் சேர்ந்து ஒரே தகடாகிவிடுகின்றன. அடுக்கடுக்காகக் குறுக்கு நெடுக்காக ஒட்டிய எஞ்சினியர்டு பலகைக்கு அது பொருத்தமான முறை. அதன் அடுக்குகளே ஒன்றையொன்று பிடித்து அசைவை அடக்கிவிடுகின்றன. கெட்டி மரத்தில் அந்தப் பிடிப்பு இல்லை. மேலே கணக்குப் போட்ட 20 மில்லிமீட்டரும் சேர்ந்து சுவரோரம் வந்து நிற்கும். நடுவில் கட்டிலும் கனமான பீரோவும் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டால், தகடு போக இடமில்லாமல் நடுவே மேடு தட்டும், இல்லையென்றால் ஏதோ ஒரு இணைப்பு பிளந்து பெரிய சந்து விழும்.

டென்மார்க்கின் ஜங்கர்ஸ் நிறுவனம் கெட்டி மரத்தையே மிதக்க விடும் ஒரு முறை வைத்திருக்கிறது. பலகைகளின் அடியில் எஃகுக் கிளிப்புகள். அவை பலகைகளை ஒன்றோடொன்று பிடிக்கும், கொஞ்சம் விரியவும் இடம் கொடுக்கும். விளையாட்டு அரங்குகளில் எல்லாம் போடுகிறார்கள். ஆனால் அதற்கென்றே பலகையின் அடியில் காடி எடுத்து, அளவாகக் காயவைத்துத் தயாரித்த பலகை வேண்டும். மில்லில் அறுத்த பழைய தேக்கை அதில் பொருத்த முடியாது.

படுக்கையறை: மொசைக்கின் மேல் பசை

இங்கே பசை சரியான முறை என்பதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்தன. தளம் காய்ந்திருந்தது. ஏசி ஓடும் அறை என்பதால் மரத்தின் அசைவு சிறிய எல்லைக்குள் நிற்கும். கதவடியிலும் ஜன்னலடியிலும் உயரம் அதிகம் கொடுக்க முடியாது, ஆணி பிடிக்க 18 மி.மீ. பிளைவுட்டைப் போட்டு அதன்மேல் 19 மி.மீ. பலகையையும் அடுக்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் ஏறிவிடும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புது வீடு கட்டுகிறவர்கள் பதிக்கும் முறையை மரம் வாங்கும்போது முடிவு செய்கிறார்கள். அதற்குள் கொத்தனார் எல்லா அறைக்கும் ஒரே மட்டத்தில் தளம் போட்டு முடித்திருப்பார். பசை என்றால் பக்கத்து அறையின் கிரானைட் மட்டத்துக்கு 20 மி.மீ. கீழே தளம் நிற்க வேண்டும்; பிளையும் ஆணியும் என்றால் 40 மி.மீ. கீழே. சிமென்ட் தளம் காயக் கனத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. சென்னை மழைக்காலத்தில் அதற்கும் மேல் பிடிக்கும். ஆகவே இந்த முடிவைத் தளம் போடும் நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். இந்த அறையில் பழைய மொசைக்கை உடைக்காமல் விட்டதால் அந்தக் காத்திருப்பே தேவைப்படவில்லை.

மொசைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓட்டைச் சத்தம் வந்த கற்களை எடுத்துவிட்டு நிரப்பினோம். பாலிஷும் மெழுகும் போகும்வரை கிரைண்டர் பிடித்தோம். புதுச் சிமென்ட் தளமாக இருந்தால் மேலே பூசிய சிமென்ட் பால் படலத்தை இதே மாதிரி தேய்த்து எடுக்க வேண்டும். பசை அந்தப் படலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், படலம்தான் தளத்தை விட்டுக் கிளம்பி வரும். பிறகு 10 அடி அலுமினிய மட்டப் பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்தோம். அந்த நீளத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக்கூடாது.

பசை எது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். ஆசாரிகளின் கை பழகிய வெள்ளைப் பசை தண்ணீரில் ஆனது. அதைத் தரை முழுக்கத் தடவினால் பலகையின் அடிப்பக்கம் அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பும். எபாக்சி கல்லாக இறுகிவிடும், மரம் அசைய விடாது. எங்களுக்கு வேண்டியது காய்ந்த பிறகும் ரப்பரைப் போல இழுபடும் பசை: பாலியூரிதேன் அல்லது எம்.எஸ். பாலிமர் வகை. இரண்டாவதை எடுத்தோம். மூச்சு விடாது என்று ஆசாரி கவலைப்பட்டது இங்கேதான். மரம் ஈரத்தை வாங்குவதும் விடுவதும் மேல்முகம் வழியாக நடந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு பலகையும் அந்தந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பதால், அசைவு முழுவதும் சுவரோரம் சேராமல் பலகைக்குப் பலகை பங்கிட்டுக்கொள்ளும். இதைப் படம் போட்டுக் காட்டிய பிறகு அவரே ஆர்வமாக இறங்கிவிட்டார், பதித்ததும் அவர்தான்.

பல் வைத்த கரண்டியால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கணக்கில் பசையைப் பரப்பினோம். இந்தப் பசை காற்றின் ஈரத்தை வைத்து இறுகுவது. சென்னைக் காற்றில் சீக்கிரமே மேலே தோல் கட்டிவிடும் என்பதால் கைக்கு எட்டும் தூரம் மட்டும் பரப்பி, உடனே பலகையைப் பதித்து, வளைந்த பலகைகளின்மேல் எடை ஏற்றினோம். சுவரோரம் நாலு பக்கமும் 15 மி.மீ. இடைவெளி, ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். பதிக்கும் முன் பலகைகளை அதே அறையில் இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, ஏசியை வழக்கம்போல ஓடவிட்டு, முள் குத்தும் ஈரமானியில் 11 அளவுக்கு வரும்வரை காத்திருந்தோம்.

வாசிப்பறை: ரீப்பர், பிளை, ஆணி

இந்த அறை நிற்பது பழைய மொட்டைமாடியின்மேல். கீழே ஆர்.சி.சி. தளம், அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்ட தளம், மேலே தட்டோடு. மழைநீர் ஓட வேண்டும் என்று போட்ட வாட்டம் அப்படியே இருந்தது. அறையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 35 மி.மீ. வித்தியாசம். இதில் பசை போட முடியாது. சிமென்ட் போட்டு மட்டப்படுத்தலாம் என்றால், அடியில் உள்ள ஜல்லித் தளம் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மாதக் கணக்கில் மெல்ல விடும். பழைய தட்டோட்டை நம்பி அதன்மேல் ஒட்டுவதற்கும் எனக்குத் துணிவில்லை. மொட்டைமாடி, படுக்கையறை மட்டத்தைவிட நாலு அங்குலம் தாழ்வாக இருந்தது. ஆக உயரம் தாராளமாகக் கிடைத்தது. ஆசாரி முதலில் சொன்ன முறை இந்த அறைக்கு முழுக்கப் பொருந்தியது.

ஜல்லித் தளத்தில் திருகு பிடிக்காது. அதனால் ரீப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி ஒரே சட்டகமாக்கி, ரப்பர் அட்டைகளின்மேல் உட்கார வைத்து, ரசமட்டம் பார்த்துப் பார்த்து அடியில் ஆப்பு கொடுத்தோம். ரீப்பர்களும் அதே கைமரங்களின் வைரப் பகுதிதான். நடுவுக்கு நடு 300 மி.மீ. இடைவெளி. மேலே 18 மி.மீ. மரைன் பிளை, நீர் தாங்கும் பிளைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கியது. பிளைக்கும் பிளைக்கும் இடையே 3 மி.மீ. சந்து விட்டு, ஆணி இல்லாமல் திருகு போட்டோம். மரத் தரை பிற்பாடு கிறீச்சிடுவது பெரும்பாலும் பிளைக்கும் ரீப்பருக்கும் இடையே தளர்வதால்தான்.

பலகைகளை நாக்கின்மேல் 45 பாகை சாய்வாக ஆணியடித்தோம். அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். 3 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைக்கு 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒரு ஆணி வேண்டும். நூறு வருஷ மரம் வெடித்துவிடும் என்பதால் துரப்பணம் போட்ட பிறகே ஆணி. கடலோர ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி.

பழைய செட்டிநாட்டு வீடுகளிலும் மலைப்பகுதி பங்களாக்களிலும் மரத் தரை உத்திரங்களின்மேல் நின்றது, அடியிலும் காற்றோட்டம் இருந்தது. இங்கே ரீப்பர்களுக்கு இடையே இருப்பது மூடிய பொந்து. ஸ்கர்ட்டிங்கின் பின்னால் சந்து விட்டு, எதிரெதிர் மூலையில் சிறிய பித்தளை ஜாலிகள் வைத்தோம். காலடிச் சத்தம் முரசடிக்காமல் இருக்கப் பாதி உயரத்துக்கு ராக்வூல் என்னும் கல்நார்ப் பஞ்சு போன்ற ஒலியடக்கும் பொருளை நிரப்பினோம். அப்படியும் படுக்கையறையின் கெட்டியான ஒலி இங்கே வராது. இதை முன்பே சொல்லித்தான் வேலையைத் தொடங்கினோம்.

இழைத்து, எண்ணெய் பூசி முடித்தது வழக்கமான வேலை.

மழையும் கோடையும் கடந்த பிறகு

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் வாசிப்பறைப் பலகைகள் ஈரமானியில் 14 சதவீதம் காட்டின, படுக்கையறை 12. மே மாதம் படுக்கையறையில் 10க்கு இறங்கியது. மேற்கு ஜன்னலோரம் சில இணைப்புகளில் தபால் அட்டைக் கனத்துக்குச் சந்து விழுந்தது. அது கைமரத்திலிருந்து வந்த, படுத்த வளையப் பலகைகள் இருந்த இடம். உத்திரப் பலகைகளில் சந்து தேடினால்தான் தெரிந்தது. வீட்டார் புட்டி போட்டு அடைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், மழைக்காலத்தில் மரம் திரும்ப விரியும்போது அந்தப் புட்டியைப் பிதுக்கித் தள்ளும், இல்லையென்றால் பலகை ஓரங்களை நசுக்கும்.

வாசிப்பறையில் ஒரு இரவு ஜன்னல் திறந்திருந்து சாரல் அடித்ததில் ஓரத்துப் பலகைகளின் விளிம்புகள் தூக்கி நடு குழிந்தது. உடனே இழைத்துச் சமப்படுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஈரமாக இருக்கும்போது இழைத்தால், காய்ந்த பிறகு விளிம்புகள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். ஃபேனைப் போட்டு, ஜாலிகளைத் திறந்து விட்டு, பலகையின் ஈரம் அறையின் மற்றப் பலகைகளோடு சமமாகும்வரை தொடாமல் வைத்தோம். சில வாரங்களில் படிந்துவிட்டது. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் பழக்கத்தை மாற்றியதும் இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான். இப்போது நன்றாகப் பிழிந்த துணி மட்டும்.

செலவைப் பொறுத்தவரை, பசைக்குக் கொடுத்த பணமும், பிளை, ரீப்பர், கூலிக்குக் கொடுத்த பணமும் சதுர அடிக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில்தான் வந்தன. வித்தியாசம் பழுது பார்க்கும்போது வரும். ஆணியடித்த பலகை ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் நடுவே அறுத்துப் பிளந்து எடுத்துவிட்டு, புதுப் பலகையின் காடியில் கீழ் உதட்டைச் செதுக்கி மேலிருந்து இறக்கிவிடலாம். ஒட்டிய பலகையைத் துண்டு துண்டாக உளி வைத்துக் கிளப்பி, அடியில் மிஞ்சும் பசையையும் சுரண்டி எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. இரண்டுக்கும் அதே மரம் வேண்டும். ஆகவே மிச்சமான பலகைகளில் நல்லவற்றைப் பொறுக்கி, படுக்கையறைப் பரண்மேல் ஏசிக் காற்று படும் இடத்தில், இடையில் ரீப்பர் வைத்து அடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்தால் கூடத்தின் ஓதத்தைக் குடித்துவிடும். தேவைப்படும் நாளில் எடுத்துப் பதித்தால் ஒரே மாதத்தில் சுருங்கிச் சந்து விடும்.